தாங்கும் என்று சொன்னவன் நான்

மாஸ்டர்,

பழைய கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். தொழிலை நிறுத்திக்கொண்ட வக்கீலுக்கு மிஞ்சுகிற வேலை இது. யாருடைய பத்திரம் யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அதைத் தனியே எடுத்து, உரியவர் இருந்தால் அவரிடமும் இல்லாவிட்டால் வாரிசிடமும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு அப்படிப் பிரித்த ஒரு கட்டில், பெரம்பலூர் கோர்ட்டில் நான் நடத்திய ஒரு வரப்புத் தகராறின் பிராது நகல் இருந்தது. நீங்கள் டைப் அடித்துக் கொடுத்தது. முதல் வரியில் 'வாதியாகிய' என்ற சொல்லைப் படித்ததும் நின்றுவிட்டேன். அதில் வருகிற 'ய' இரண்டும் வெளிறிக் கிடந்தன. அடுத்த வரியில் 'பிரதிவாதியாகிய'. அங்கேயும் அப்படியே. மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக, காகிதத்தின் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரிகிற அளவுக்கு அழுத்தமாக இருக்க, 'ய' மட்டும் பாதி மையில் நின்றது. 'ள' அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் சோர்ந்திருந்தது.

உங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் முழுவதும் 'யளனகபக' என்றே அடித்துக்கொண்டிருப்பார்கள். அரியலூர் கடைத்தெருவில் போகிறவர்களுக்குக்கூட அது மனப்பாடம். அதில் முதல் எழுத்து இடது கைச் சுண்டுவிரலுக்கு உரியது, இரண்டாவது மோதிர விரலுக்கு. ஆகவே நீங்கள் அடித்த ஒரு காகிதம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தியதா பிந்தியதா என்பதைத் தேதியைப் பார்க்காமலே என்னால் சொல்ல முடியும். அன்று என்ன நடந்தது என்பது பற்றி ஊரில் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. அதைக் கொடுத்தவர் நீங்கள். அது தவறானது என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரியாத ஒரு பகுதி அதில் உண்டு. இரண்டையும் முறைப்படி எழுதுகிறேன்.

நாம் நண்பர்களானது என் பழைய காரால். எழுபதுகளின் நடுவில் திருச்சியில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரிடமிருந்து அதை வாங்கி வந்தேன். அப்போதே அதற்கு இருபது வயதுக்கு மேல். இங்கிலாந்தில் செய்தது, உருண்டையான முதுகு. வாங்கிய மறுநாளே கோர்ட்டில் அதற்கு 'ஆமை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிராது அடிக்க உங்களிடம் வந்தபோது வாசலில் அதைப் பார்த்தீர்கள். காகிதத்தை வாங்காமல் கீழே குனிந்து வண்டியின் வயிற்றைப் பார்த்தது நினைவிருக்கிறது.

"ஆயில் ஒழுகுது வக்கீல் சார்."

"மெக்கானிக்கிட்ட காட்டணும்."

"காட்டுங்க. அவரு நாலு செங்கல்ல அடுக்கி மேல ஏத்துவாரு. நீங்க வாசல்ல நின்னு வேடிக்கை பாப்பீங்க. செங்கல்லு நொறுங்குச்சுன்னா அவரு பொண்டாட்டிக்கு நீங்கதான் கேஸ் நடத்தணும்."

சிரிக்காமல் சொன்னீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, வெள்ளை வேட்டியை மாற்றிவிட்டு, சைக்கிள் கேரியரில் இரண்டு கட்டைகளைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்டுக் கழித்த மரத்தில் அறுத்தவை. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். தூக்கினால் தோள் இறங்கும். அன்றிலிருந்து அந்தக் கட்டைகள் என் வீட்டுக் கொட்டகையிலேயே இருந்தன. அவற்றைக் காக்கும் பொறுப்பு என்னுடையது.

டைப்ரைட்டரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்குக் கார் பெரிய விஷயமில்லை என்று நீங்கள் சொல்வதுண்டு. ஆனால் டைப்ரைட்டர் மேலே விழுந்தால் கால் வீங்கும், கார் விழுந்தால் வீங்குவதற்கு ஆள் இருக்காது என்றும் சேர்த்துச் சொல்வீர்கள். அதனால் வண்டியைத் தூக்குவதற்கு உங்களிடம் ஒரு முறை இருந்தது. அதில் ஒரு படியைக்கூட நீங்கள் விட்டுப் பார்த்ததில்லை. சமமான, கெட்டியான தரை. தூக்குகிற பக்கம் எதுவோ அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. கைப்பிரேக் போட்டாகிவிட்டதே என்று நான் ஒருமுறை வாதாடியபோது, "கைப்பிரேக்கு பிடிக்கிறது பின்சக்கரத்தை. பின்பக்கத்தையே முழுசா தூக்கிட்டா அது எதைப் பிடிக்கும், காத்தையா?" என்று கேட்டீர்கள். வாதத்தை விட்டேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. தூக்கியதும் அச்சுக்கோ சட்டத்துக்கோ அடியில் கட்டையைக் கொடுத்து, வண்டியின் பாரத்தைக் கட்டைமேல் இறக்க வேண்டும். ஸ்டெப்னிச் சக்கரத்தை எடுத்து, எல்லாம் தவறினாலும் வண்டி அதன்மேல் உட்காரும்படி உடம்புக்குப் பக்கத்தில் படுக்கப்போட வேண்டும். கடைசியாக, வெளியே இருப்பவன் வண்டியை இரண்டு கையாலும் பலமாக உலுக்கிப் பார்க்க வேண்டும். விழுவதானால் ஆள் அடியில் போவதற்கு முன்னால் விழட்டும் என்பது உங்கள் கணக்கு.

இவற்றையெல்லாம் வேறு மெக்கானிக்குகளும் செய்வார்கள். நீங்கள் மட்டும் செய்தது ஒன்று உண்டு. அடியில் போவதற்கு முன்பு தரையில் உட்கார்ந்துகொண்டு, சாட்சிக் கூண்டில் நிற்பவனைக் கேட்பதுபோல என்னைக் கேட்பீர்கள்.

"தரை?"

"கெட்டி."

"கியரு?"

"ஒண்ணுல."

"முட்டு?"

"ரெண்டு சக்கரத்துக்கும்."

"கட்டை?"

"தாங்கும்."

"ஸ்டெப்னி?"

"அடியில."

"பொறுப்பு யாருக்கு?"

"எனக்கு."

இதற்குப் பிறகுதான் மல்லாந்து படுத்து உள்ளே நகர்வீர்கள். முதல்முறை கடைசிக் கேள்வியைக் கேட்டபோது, வண்டியைத் தூக்கியது நீங்கள், கட்டை கொடுத்தது நீங்கள், பொறுப்பு மட்டும் எனக்கு எப்படி வரும் என்று ஆட்சேபித்தேன். "உள்ள போறவன் மல்லாக்கப் படுத்துட்டா ஆயில் சட்டியைத் தவிர எதுவும் தெரியாதுங்க. வெளியில நிக்கிறவருக்குத்தான் எல்லாம் தெரியும். தெரியிறவருக்குத்தானே பொறுப்பு?" என்றீர்கள். ஏற்றுக்கொண்டேன். பொறுப்பு பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில் முன் சக்கரம் பஞ்சரான நாளும் நினைவிருக்கிறது. முதல் நாள் மழை பெய்திருந்தது. சாலையோரம் முழுவதும் கரிசல். ஜாக்கியை வைத்துத் தூக்கினால் வண்டி மேலே வராமல் ஜாக்கிதான் கீழே போயிற்று. நீங்கள் டிக்கியிலிருந்து ஒரு பலகையை எடுத்து ஜாக்கிக்கு அடியில் போட்டீர்கள். அதுவும் போதாதென்று வண்டியை இறக்கி, இருநூறு அடி தள்ளிக் கப்பிக் கல் போட்ட இடம்வரை தள்ளச் சொன்னீர்கள். டயர் மாற்ற அடியில் போக வேண்டியதே இல்லை. இருந்தும் தரை, கியர், முட்டு என்று முழு விசாரணையும் நடந்தது. பருத்திக் காட்டிலிருந்து வந்து நின்று பார்த்த ஒரு பெண்மணி, "ஏங்க, டயர் மாத்துறீங்களா, கல்யாண மந்திரம் ஓதுறீங்களா? தாலி கட்டுற நேரம் வந்தா சொல்லுங்க, அரிசி எடுத்தாரேன்" என்றார். நீங்கள் அவரைப் பார்த்து, "பொறுப்பு யாருக்குன்னு மட்டும் இன்னும் கேக்கலம்மா, கேட்டுடுறேன்" என்றீர்கள். என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். கையெல்லாம் சேறாக நின்றிருந்த நான் "எனக்கு" என்றேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு சாலையின் மறுபக்கம்வரை கேட்டிருக்கும்.

இவ்வளவு கவனமான மனிதர் நீங்கள் என்பது ஊருக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஊர் உங்களைப் பற்றிப் பேசியதெல்லாம் அத்தனை அநியாயமாக இருந்தது.

மறுநாள் காலை பெரம்பலூரில் எனக்கு ஒரு வழக்கு. ஆயில் சட்டியின் அடைப்பான் தளர்ந்து, ஒழுகல் அதிகமாகியிருந்தது. முன்பக்கத்தைத் தூக்கினால் அரைமணி வேலை. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தபோது ஒரு கட்டைதான் இருந்தது. மற்றொன்றை, மதிற்சுவர் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் சாரத்துக்கு அண்டை கொடுக்கக் கேட்டபோது, நான்தான் முந்தின வியாழக்கிழமை கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையானதால் அவர் ஊருக்குப் போய்விட்டார். கட்டை சாரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. உருவினால் சாரம் சரியும்.

"நாளைக்குப் பஸ்ஸுல போங்க வக்கீல் சார். செவ்வாக்கிழமை கட்டை வந்ததும் பாத்துக்கலாம்" என்றீர்கள்.

பஸ் காலையில் மூன்று உண்டு. போயிருக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் திருச்சியிலிருந்து புதுக் காரில் வருகிறவர். அவருக்கு முன்னால் நான் பஸ்ஸிலிருந்து வழக்குக் கட்டோடு இறங்குவதை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருந்ததாக நான் சொல்ல முடியாது.

மதிலுக்கு அஸ்திவாரம் போட்டு மிஞ்சிய சுண்ணாம்புக்கல் ஒன்று கிடந்தது. நம் ஊர்ப் பக்கத்துக் கல், உள்ளே சிப்பியும் சங்கும் புதைந்திருக்கிற வகை. நம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுகிற கல்தான். அளவு ஏறக்குறைய கட்டையின் அளவே இருந்தது. உருட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டினீர்கள்.

"கல்லா? வேண்டாங்க. மரம் நசுங்கும், முனகும், சத்தம் காட்டும். கல்லு சொல்லாமப் பொளந்துரும்."

"மாஸ்டர், ஊர்ல பாதி வீடு இந்தக் கல்லுமேலதான் நிக்குது."

"வீடு நாலு பக்கமும் பரவலா உக்காருது. இது ஒரு முனையில உக்காரும்."

"தாங்கும்."

நீங்கள் சற்று நேரம் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். கோர்ட்டிலும் வெளியிலும் நான் எதையும் முழுதாகச் சொன்னவன் அல்ல. 'எனக்குத் தெரிந்தவரை', 'ஆவணங்களிலிருந்து தோன்றுகிறபடி' என்று ஏதாவது ஒன்று முன்னால் வரும். மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட 'பெய்வதாகத் தெரிகிறது' என்பேன் என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவன் ஒரு நிபந்தனையும் இல்லாமல் 'தாங்கும்' என்று சொன்னதால் நீங்கள் நம்பினீர்கள். கல்லை நம்பவில்லை. என்னை நம்பினீர்கள்.

இப்போது உங்களுக்குத் தெரியாத பகுதி. கல்லை உருட்டி வருகையில் அதன் ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒரு சிப்பிப் படிவம் தெரிந்தது. அதன் ஓரமாக மயிரிழைபோல ஒரு கோடு, மேலிருந்து பாதிவரை. அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. வைக்கும்போது அந்தப் பக்கம் மதிலைப் பார்த்து இருக்கும்படி வைத்தேன். வேண்டுமென்று வைத்தேனா, அப்படி அமைந்ததா என்று இத்தனை ஆண்டுகளில் பலமுறை என்னையே குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். சாட்சி ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறான். தடுமாறுகிற சாட்சியைப் பற்றி ஒரு வக்கீல் என்ன முடிவுக்கு வருவாரோ அந்த முடிவுக்கே நானும் வந்திருக்கிறேன்.

கேள்விகள் தொடங்கின. தரை கெட்டி. கியர் ஒன்றில். முட்டு பின்சக்கரம் இரண்டுக்கும். "கட்டை?" என்றீர்கள். "தாங்கும்" என்றேன். ஸ்டெப்னி அடியில். பொறுப்பு எனக்கு. "உலுக்குங்க" என்றீர்கள். உலுக்கினேன். ஆனால் வழக்கமாக உலுக்குகிற பலத்தில் பாதிகூடக் கொடுக்கவில்லை. உள்ளூர எனக்குப் பயம் இருந்திருக்கிறது. பயம் இருந்ததென்றால் சந்தேகம் இருந்திருக்கிறது என்று பொருள்.

நீங்கள் உள்ளே போய்ப் பத்து நிமிடம் இருக்கும். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. காய்ந்த தேங்காயை உடைப்பதுபோல ஒன்று. வண்டியின் இடது முன்பக்கம் இறங்கியது. ஜாக்கி சாய்ந்து விழுந்தது. நீங்கள் சொன்னபடி நான் வைத்த ஸ்டெப்னிச் சக்கரத்தின்மேல் வண்டி உட்கார்ந்தது. உங்கள் மார்புக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு சாண் மிச்சம். ஆனால் இடது கையை நீங்கள் அப்போது அந்தச் சக்கரத்தின் விளிம்பில் ஊன்றியிருந்தீர்கள். உங்கள் உயிரைக் காத்த இரும்பே இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டது.

நான் கத்தினேன். பம்பரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் பார்த்தேன்.

"யோவ் வக்கீலு! கத்தாத. கையை எடு அதுலேருந்து."

நீங்கள் என்னை ஒருமையில் அழைத்தது அந்த ஒரு முறைதான். கையை எடுத்தேன்.

"விரலு மாட்டிருக்கு. உசுருக்கு ஒண்ணுமில்ல. அவசரப்பட்டு உலுக்குனீன்னா மிச்சமும் எம்மேல வரும். முட்டு அசைஞ்சிருக்கா பாரு."

பார்த்தேன். அசையவில்லை.

"ஜாக்கிய எடு. பலகைய அடியில போடு. நடுவுல வையி, ஓரத்துல வேண்டாம். நேரா நிக்குதா? சுத்து. மெதுவா. எனக்கு எண்ணிச் சொல்லு."

நான் எண்ணினேன். ஏழாவது சுற்றில் உங்கள் கை வந்தது. நீங்கள் வெளியே வரவில்லை. "இப்ப மறுகட்டைக்கு என்ன இருக்கு?" என்று கேட்டீர்கள். எனக்கு விளங்கவில்லை. "நான் வெளிய வர்ற வரைக்கும் இது ஜாக்கிமேல நிக்கக் கூடாதுய்யா" என்றீர்கள். சாரத்தைக் காலால் எட்டி உதைத்துச் சரித்துவிட்டு, அடியில் இருந்த மற்றொரு கட்டையை உருவிக்கொண்டு வந்து கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம். சாரத்தை மறுநாள் திரும்பக் கட்டியிருக்கலாம். அந்த எண்ணம் அப்போதுதான் வந்தது. பாரத்தைக் கட்டைமேல் இறக்கிய பிறகே நீங்கள் நகர்ந்து வெளியே வந்தீர்கள். துண்டால் சுற்றிய கையைப் பார்க்காமல், முதலில் பிளந்த கல்லைப் பார்த்தீர்கள். சிப்பியின் ஓரமாக, கத்தியால் வெட்டியதுபோலப் பிளந்திருந்தது.

"உள்ள பூச்சி இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

பக்கத்து வீட்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நீங்கள் நிறுத்தினீர்கள். "அங்க போயி நான் பேசுறேன், நீங்க பேச வேண்டாம். வக்கீலு 'தாங்கும்'னு சொன்னது தாங்கலன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் உங்ககிட்ட கேஸ் கட்டைக் குடுப்பான்?" வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு செய்த கேலி அது. டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது, "நாந்தாங்க கட்டைக்குப் பதிலா கல்ல வச்சேன். எம் புத்திதான்" என்றீர்கள். அவர் எழுதிக்கொண்டார். நான் அருகில் நின்றேன், மறுக்கவில்லை. தன் முன்னால் சொல்லப்படுகிற ஒன்றை மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காதவனின் மௌனத்துக்கு என்ன பொருள் கொள்ளப்படும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரிந்த விஷயம். தெரிந்தே மௌனமாக இருந்தேன்.

சுண்டுவிரலின் முதல் கணு போயிற்று. மோதிர விரல் பிழைத்தது, ஆனால் மடங்கவில்லை. ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் பிள்ளைகளை நிற்கவைத்து நீங்கள் அடித்துக் காட்டுகிற அதிவேகப் பாடம் நின்றுபோனது. அதை அடிக்கும்போது பார்க்கவென்றே சன்னல் ஓரம் ஆட்கள் நிற்பார்கள். 'எட்டு விரல் மாஸ்டர்' என்று ஒரு பெயர் வந்தது. உங்கள் மனைவி, ஊரெல்லாம் டீச்சர் என்று அழைக்கிறவர், என் முன்னாலேயே உங்களைக் கேட்டார்: "அடுத்தவங்க வண்டியில செங்கல்லப் பாத்தா இறங்கிப் போயி சண்டை போடுவீங்க. அன்னிக்கு மட்டும் கண்ண எங்க வச்சிருந்தீங்க?" நீங்கள் சிரித்தீர்கள். அவர் அதை ஒருமுறை கேட்டு நிறுத்தவில்லை. கோபம் வருகிறபோதெல்லாம், மகள் படிப்பு, வீட்டு ஓடு, எதைப் பற்றிய பேச்சானாலும், கடைசியில் அந்தக் கல்லில் வந்து நிற்கும். உங்கள் பேச்சுக்கு வீட்டில் இருந்த மதிப்பு அன்றோடு ஒரு படி இறங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் பெரம்பலூர் பட்டறையில் சொல்லி, இரும்புக் குழாயில் மூன்று கால் வைத்து நான்கு ஸ்டாண்டு செய்து கொண்டுவந்தீர்கள். கூடவே ஒரு பொட்டலம். பிரித்தால் பிளந்த கல்லின் பாதி, கழுவித் துடைத்து, சிப்பி தெரிய. "பேப்பர் வெயிட்டுக்கு ஆகும்" என்றீர்கள். அன்றே மறுபடியும் தரையில் உட்கார்ந்தீர்கள். தரை, கியர், முட்டு. 'கட்டை' என்ற இடத்தில் 'ஸ்டாண்டு' வந்தது. "தாங்கும்" என்று நான் உடனே சொல்லிவிடவில்லை. நீங்கள் காத்திருந்தீர்கள். நான் போய் நான்கையும் தட்டிப் பார்த்து, வண்டியை உடம்பெல்லாம் வேர்க்க உலுக்கிவிட்டு வந்து சொன்னேன். "பொறுப்பு யாருக்கு?" என்று கேட்டு, பதில் வந்ததும் படுத்து உள்ளே போய்விட்டீர்கள். முன்பு எப்படிப் போனீர்களோ அப்படியே.

எண்பதுகளில் ஒருநாள் உங்கள் இன்ஸ்டிடியூட்டில், பிள்ளைகள் போன பிறகு, டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "தீர்ப்பான கேஸு வக்கீல் சார். அப்பீலுக்கு நாள் கடந்து போச்சு" என்று ரிப்பனை மாற்றிக்கொண்டே சொன்னீர்கள். அதை உங்கள் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். எனக்குச் சாதகமான உத்தரவு என்பதால் அதன்மேல் நான் கேள்வி எழுப்பவில்லை.

சென்ற ஐப்பசியில் வரதராஜன்பேட்டையில் உங்களை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது டீச்சர் வந்திருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாத்துலயும் அத்தனை சாக்கிரதை. அந்த ஒருநாள்தான் அவருக்குப் புத்தி எங்கயோ போச்சு." நான் இரண்டடி தள்ளி நின்றேன். அங்கேயும் பேசவில்லை.

அந்தப் பிராது நகலைப் பார்த்த மறுநாள், நகலையும் கல்லையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கட்டையைக் கொத்தனாருக்குக் கொடுத்தது, பஸ்ஸில் போகக் கூசியது, கல்லின் கோட்டைப் பார்த்தது, பாதி பலத்தில் உலுக்கியது. கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நாப்பது வருசமா ஏசியிருக்கேன் வக்கீலய்யா. சாகக் கெடந்தப்பக்கூட, மருந்த மாத்திக் குடிச்சுட்டாருன்னு, அதே கல்லத்தான் இழுத்தேன். சிரிச்சாரு. இப்ப அதையெல்லாம் நான் யாருகிட்ட போயி திரும்ப வாங்குறது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சற்றுப் பொறுத்து, "வாயில சொன்னது போதாது. எழுதிக் குடுங்க. எம்மக வந்தா படிக்கக் குடுக்கணும். அவளும் அப்பாவப் பேசுனவதான்" என்றார். யாருக்கு எழுதுவது என்று கேட்டேன். "அவருக்கு எழுதுங்க. நாங்க படிச்சுக்கிறோம்" என்றார். பிறகு உள்ளே போய், துணி போட்டு மூடியிருந்த உங்கள் மிஷினைக் காட்டினார்.

அந்த எழுத்துதான் இது. இரண்டு வாரமாகத் தினமும் பிற்பகலில் வந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் தேடித் தேடி அடிக்கிறேன். முடித்த தாள்கள் காற்றில் பறக்காமல் உங்கள் கல் மேலே இருக்கிறது. டீச்சர் காப்பி கொடுப்பார், பேசமாட்டார். நேற்று முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ய-னா எல்லாம் கறுப்பா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, கல்லுக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

ஆமை இன்னும் என் கொட்டகையில், உங்கள் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. பழைய கார்களை விரும்புகிறவர்கள் வந்து கேட்கிறார்கள். யாராவது அடியில் குனிந்தால் என் கை தன்னால் வண்டியை உலுக்கப் போகிறது. உங்கள் கேள்விகள் ஐந்துக்கும் விடை சொல்லிவிடுவேன். ஆறாவதுக்கு நாற்பது ஆண்டுகளாகச் சொன்ன விடையை, இந்த மிஷினில் அடிக்கும்வரை நான் உண்மையாக்கவில்லை.

பொறுப்பு எனக்கு, மாஸ்டர்.